எந்த ஃபிளாஷ் சிறந்தது?

மதுரை வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். தாலி கட்டும் வேளை. 'பளிச்' என்று ஃபிளாஷ் ஒளிர வேண்டும். ஒரு வினாடி பிந்தினாலும் அக்காட்சி மீண்டும் வராது. ஆகவே, மாணவர்களே, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஃபிளாஷ் வாங்குவோர் எவற்றை ஒப்பிட வேண்டும்? இயற்பியலைக் கேட்போம்.

அமெரிக்காவில் ஹரால்டு எட்ஜர்டன் 1930களில் வளர்த்த முறையே இன்றும் அடிப்படை. பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தம் சுமார் 300 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு மின்தேக்கியில் சேர்கிறது. பிறகு அது செனான் வாயுக் குழாயில் ஒரே பாய்ச்சலில் இறங்குகிறது. மின்தேக்குத்திறன் 1000 மைக்ரோஃபாரடு எனில் ஆற்றல் 45 ஜூல். 9 வாட் எல்.இ.டி. பல்பு 5 வினாடி எரியத்தான் இது போதும். ஆனால் 1/1000 வினாடியில் வெளிப்பட்டால் திறன் 45,000 வாட் அல்லவா!

ஃபிளாஷின் வலிமையைக் கூறுவது 'வழிகாட்டி எண்'. ஐ.எஸ்.ஓ. 100-இல் அந்த எண்ணைக் கேமராத் துளையின் எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். எண் 40, துளை எஃப் 4 எனில் 10 மீட்டர். தூரம் இரட்டித்தால் ஒளிச்செறிவு கால் பங்காகும். எனவே எண் இரு மடங்காக, ஒளி நான்கு மடங்கு வேண்டும்.

கேனன் 600இ.எக்ஸ்-ஆர்.டி. (2012) கருவியின் எண் 60. அதே நிறுவனத்தின் 430இ.எக்ஸ் 3-ஆர்.டி. (2015) கருவியின் எண் 43. வர்க்கங்களை வகுத்தால் முன்னது சுமார் இரு மடங்கு ஒளி தரும் என்று தோன்றும். பொறுங்கள்! 60 என்பது 200 மி.மீ. நிலையில் அளந்தது, 43 என்பது 105 மி.மீ. நிலையில் அளந்தது. டார்ச் விளக்கின் ஒளியைக் குவிப்பது போல, கற்றை குறுகினால் எண் உயரும்; விரிந்தால் குறையும். மணமேடை முழுவதையும் எடுக்க விரிந்த கற்றையே தேவை. ஆகவே இரு கருவிகளின் எண்களையும் ஒரே நிலையில், உதாரணமாக 35 மி.மீ.இல், ஒப்பிடுவதே முறை.

அடுத்தது, மீண்டும் மின்னேற ஆகும் நேரம். லித்தியம் அயனி பேட்டரியின் உள்தடை குறைவு. மிகுந்த மின்னோட்டம் தரும். சாதாரண அல்கலைன் பென்சில் பேட்டரிகளைவிட விரைவில் மின்தேக்கியை நிரப்பும். அடுத்தடுத்துப் படமெடுப்போருக்கு இதுவே முக்கியம்.

ஓர் எச்சரிக்கை: பழைய ஃபிளாஷைப் பிரித்துப் பார்க்காதீர்கள். பேட்டரியை எடுத்த பின்னும் மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

இப்போது ஒரு கணக்கு: வழிகாட்டி எண் 36, மணமேடை 9 மீட்டர் தூரத்தில். ஐ.எஸ்.ஓ. 100-இல் எந்தத் துளையை வைப்பீர்கள்?