மனசு அரைக்குதா? மலையேறு! இதெல்லாம் தெரியுமா?

திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் மூன்று ‘நாடு’ இருப்பது தெரியுமா? புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு! மூன்றும் ஜவ்வாது மலை ஊராட்சிகள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். மார்க் குறைந்ததற்காகக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால், கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். ஏன் என்கிறீர்களா?

“அவ ஏன் என்னைப் பார்த்துச் சிரிச்சா?” என்று ஒரே விஷயத்தை ராத்திரி முழுக்க மனசுக்குள் அரைப்போமே, அந்த அரவையை நடை குறைக்கிறது, தெரியுமா? 2015-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெரியவர்கள் 38 பேரை 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். பாதிப்பேர் புல்வெளியில், பாதிப்பேர் வண்டி இரையும் சாலையோரம். புல்வெளியில் நடந்தவர்களுக்கு அரவை குறைந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் அடங்கியிருந்தது. சாலையோரம் நடந்தவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம்!

டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் புரட்டினார்கள் (2019). பச்சை மிகக் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் அபாயம் 55 சதவீதம் வரை கூடுதல்! பச்சைதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அம்மாடி!

இயற்கையைப் பள்ளியாகவே ஆக்கியவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் படகில் தத்தளித்த இளம் மாலுமிகள், வயதானவர்களைவிடச் சீக்கிரம் மனம் விட்டுவிடுகிறார்கள் என்று கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டார். விளைவு? 1941-ல் ஆசிரியர் குர்ட் ஹானோடு சேர்ந்து, கடலையும் மலையையுமே வாத்தியாராக வைத்து வேல்ஸில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி!

நம் பக்கமும் சளைத்ததில்லை. ஜவ்வாது அடிவாரத்தில், சிங்காரப்பேட்டை பக்கம் புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-ல் கண்டறிந்த ஆய்வகங்களில் இதே மலையின் காவலூரும் ஒன்று! இரவில் அங்கே அப்படியொரு இருட்டு. சாமைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து, ஈரப்புல் கெண்டைக்காலை உரச, அண்ணாந்து பார்க்கும் பதினைந்து வயதுக்கு, கணக்குப் பரீட்சை சாமையரிசி அளவுக்குச் சுருங்கிப்போகும்.

ஆனால் ஒன்று: பிள்ளை ‘சாகணும்’ என்று பேசினால் மலையேற்றத்தை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.