வானம் ஒரு நெகட்டிவ், கடல் ஒரு நெகட்டிவ்: தெரியுமா?

கணினி என்ற பேச்சே இல்லாத 1857-லேயே இரண்டு எக்ஸ்போஷர்களை ஒட்டி ஒரே படமாக்கிவிட்டார்கள், தெரியுமா? பிரான்ஸின் செத் துறைமுகத்தில் சீறி எழுந்த அலையைப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்குத் தனி நெகட்டிவ், கடலுக்குத் தனி நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் சரியாக அடிவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். அதுதான் 'பெரிய அலை'!

ஏன் இவ்வளவு பாடு? அந்தக் காலத்தில் கொலோடியன் மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் நீல ஒளி பட்டால் போதும், உடனே பதிந்துவிடும். சிவப்போ பதியவே பதியாது. கடல் நன்றாக விழும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்து வெறும் தாளாகிவிடும். மேகத்தைக் காப்பாற்றினால் கடல் இருண்டுவிடும். இதில் இன்னொரு அவசரம்: பூசிய மருந்து காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும்! அச்சிட்ட தாளில் பூசியிருந்தது என்ன தெரியுமா? முட்டையின் வெள்ளைக்கரு! ஒரு பாதியை மறைத்து மறு பாதியை வெயிலில் காட்டி, பிறகு மாற்றி மறைத்து... அடேயப்பா, என்ன பொறுமை! ஓவியம் பயின்ற கை அல்லவா?

அவருடைய வேறு வேறு கடல் படங்களில் ஒரே மேகம் மிதப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு வானமும் கடலும் சேர்ந்தேதான் தெரிகின்றன, தகட்டுக்குத்தான் தெரியவில்லை. 1999-ல் லண்டன் ஏலத்தில் 'பெரிய அலை' 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது!

அப்படியே 1997-க்கு வாருங்கள். கணினி ஆய்வாளர்கள் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களிலிருந்து, அங்கே உண்மையில் ஒளி எவ்வளவு இருந்தது என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிடும் வழியைச் சொன்னார்கள். பளிச்சிடும் பகுதியும் இருண்ட பகுதியும் ஒருசேரத் துலங்கும் எச்.டி.ஆர். படங்களின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. 2010-ல் ஐபோனிலும் எச்.டி.ஆர். வந்துவிட்டது: ஒரே சொடுக்கில் மூன்று எக்ஸ்போஷர்!

கூகுளின் எச்.டி.ஆர். பிளஸ் தொடக்கத்தில் செய்தது இன்னும் விசித்திரம். ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம் என்று அது எடுக்கவில்லை. எல்லாவற்றையும் இருட்டாகவே அடுத்தடுத்து எடுத்துத் தள்ளியது! புள்ளிப்புள்ளியான இரைச்சல் படத்துக்குப் படம் மாறும், காட்சி மாறாது. சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கிவிடும். அதன்பின் இருண்ட பகுதியைத் தைரியமாக வெளிச்சமாக்கலாம்.

அடிவானம் நேர்கோடாக இருந்ததால் லெ கிரேயால் மறைத்து ஒட்ட முடிந்தது. மலைமுகட்டில் மரங்கள் நின்றால்? இன்றைய கலைஞர்கள் கோடே போடுவதில்லை! படத்தின் வெளிச்ச அளவையே மறைப்பாக்கிவிடுகிறார்கள். எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே மட்டும் குறைந்த எக்ஸ்போஷர் படம் நுழைகிறது, இலைகளுக்கு நடுவே தெரியும் வானத் துணுக்குகள் உட்பட!