பதினோரு மணிக் கூட்டத்தின் செலவு யார் கணக்கில்?

"பெண்கள் சமத்துவத்துக்காக வேலை செய்யும் பன்னாட்டு நிறுவனம்னு சொல்றாங்களே, அதை உள்ளே எப்படித்தான் நடத்துறாங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு கையெழுத்து நோட்டுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் விருதுநகர் மாவட்டத்தில், வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள் என் பொறுப்பு. மாதம் ஒரு முறை ஒவ்வொரு மகளிர் குழுவுக்கும் உரிமைகள் பற்றிய பயிற்சிக் கூட்டம். நேரம், வேலை நாளில் காலை 11 மணி. பயிற்சி தரும் அம்மா விருதுநகரில் ஆபீஸ் வந்து, கையெழுத்துப் போட்டு, ஜீப் பிடித்து ஊருக்கு வந்து சேர அந்த நேரம்தான் ஆகும்.

குழுவில் 20 பேர். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறோ ஏழோ. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், அன்றைக்கு உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தவர்கள். மற்ற எல்லாரும் விடிந்ததுமே கம்பெனி பஸ்ஸில் வெடியாபீஸுக்குப் போயிருப்பார்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை 'வெடியாபீஸ்' என்றும், தீப்பெட்டித் தொழிற்சாலையை 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும்தான் சொல்வோம்.) ஆனால் அறிக்கையில் 20 பேர் காட்ட வேண்டும். என்ன செய்வது? சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். ஆமாம், நான்தான் வாங்கினேன்.

ஒரு அக்கா, விரலெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டியிருக்க, கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏ தாயி, நீ பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டா நான் ஒரு நாள் கூலிய விட்டுட்டுத்தான வரணும்? அந்தக் கூலிய யாரு தருவா?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

பணம் எப்படி இறங்குகிறது, தாள் எப்படி ஏறுகிறது

இப்படிப்பட்ட நிறுவனங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மேலே நிதி தருபவர். ஒரு நாட்டு அரசு, ஐ.நா. அமைப்பு அல்லது அறக்கட்டளை. அதற்குக் கீழே பன்னாட்டு நிறுவனத்தின் தலைமையகம், பிறகு இந்திய அலுவலகம், பிறகு மாவட்டத்தில் இருக்கிற கூட்டாளித் தொண்டு நிறுவனம். அதற்கும் கீழே களப்பணியாளர். கடைசியில் குழு. பணம் மேலிருந்து இறங்கும், அறிக்கை கீழிருந்து ஏறும்.

அந்த அறிக்கையின் எலும்புக்கூடு ஒரு அட்டவணை. 'லாக்ஃப்ரேம்' என்பார்கள். உள்ளீடு (பணம், ஆள்), செயல்பாடு (கூட்டம் நடத்துவது), வெளியீடு (எத்தனை பேர் வந்தார்கள்), விளைவு (அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது), தாக்கம் (சமூகத்தில் என்ன மாறியது) என்று படிப்படியாக இருக்கும். இதில் மூன்றாவது கட்டத்தை நிரப்புவது சுலபம், தலையை எண்ணினால் போதும். நாலாவதும் ஐந்தாவதும் வருடக்கணக்கில் ஆகிற சங்கதி. காலாண்டு அறிக்கையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து நிற்கும். அதனால் எல்லாருடைய கவனமும் தலை எண்ணுவதில் போய் முடிகிறது.

நிதி தருபவர்கள் மட்டத்திலும் ஒரு மதிப்பெண் உண்டு. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி., ஒவ்வொரு உதவித் திட்டத்துக்கும் 0, 1, 2 என்று பாலினக் குறியீடு போடச் சொல்கிறது. சமத்துவம் திட்டத்தின் நோக்கத்திலேயே இல்லை என்றால் 0. முக்கியமான நோக்கங்களில் ஒன்று என்றால் 1. அதுதான் தலையாய நோக்கம் என்றால் 2. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது திட்டத்தின் நோக்கத்துக்குப் போடுகிற மார்க். கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்பது அதில் தெரியாது.

குழுக்கள் வந்த கதை

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களே ஒரு பன்னாட்டு நிதியில் பிறந்தவைதான். ரோம் நகரில் தலைமையகம் உள்ள ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் (ஐஃபாட்) உதவியோடு 1989-ல் தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் பக்கம் விரிந்தன. நடத்தியது 1983-ல் உருவான தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். ஊரில் குழு கட்டும் வேலை தொண்டு நிறுவனங்களுக்கு, கடன் தரும் வேலை வங்கிக்கு என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து 1997-ல் மாநில அரசு 'மகளிர் திட்டம்' தொடங்கியது. விருதுநகர் மாவட்டத்துக்கும் குழுக்கள் இந்த வழியாகத்தான் பரவின.

இதில் நிறைய நல்லது நடந்தது. வங்கிக்குள் கால் வைக்காத பெண்கள் மேனேஜர் முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பது குறைந்தது. நான் கண்ணால் பார்த்தது இது.

ஆனால் நோட்டு எழுதுவது யார்? குழுவின் ஊக்குநர். வங்கிக்குப் போய் வருவது? பிரதிநிதிகள். இவர்களுடைய நேரத்துக்கு என்ன சம்பளம்? கடனை யார் பெயரில் வாங்கி, யார் செலவு செய்து, யார் கட்டினார்கள்? வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. பெண்கள் பெயரில் வாங்கிய கடன்களில் கணிசமான பங்கு வீட்டு ஆண்கள் கையில் இருப்பதை அவர்கள் கண்டார்கள். கட்டும் பொறுப்பு மட்டும் பெண் தலையில். அறிக்கையில் இது 'பெண் பயனாளி 1' என்றுதான் ஏறும்.

செலவு மறைவதில்லை, கீழே இறங்குகிறது

சிவகாசியை உலகம் முழுக்கத் தெரிய வைத்தது பட்டாசு மட்டும் இல்லை, குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையும்தான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்த்துப் போட வேண்டும் என்றது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பிறகு இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் பணம் போட, ஐ.எல்.ஓ. நடத்திய 'இண்டஸ்' திட்டமும் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது.

குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். இது பெரிய வெற்றி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பிள்ளை கொண்டுவந்த கூலி நின்றது. பிள்ளை வீட்டில் பார்த்த சின்னச் சின்ன வேலையும் நின்றது. தீர்ப்பில் 'பெரியவர்' என்றுதான் இருந்தது. என் ஊர்களில் நான் பார்த்த வரை அந்தப் பெரியவர் பெரும்பாலும் அம்மாதான். அவர் ஆபீஸுக்கும் போனார், விடிகாலை எழுந்து பிள்ளைக்குச் சோறும் கட்டினார். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளை எண்ணக் கட்டம் இருந்தது. அம்மாவின் தூக்கத்தை எண்ண எந்தப் படிவத்திலும் கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

வெடியாபீஸுக்குள்ளும் இதே கதைதான். மருந்து கலப்பது, செலுத்துவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. அதற்குக் கூலி கூட. திரி வெட்டுவது, சரம் பின்னுவது, பெட்டி கட்டுவது பெண்கள் வேலை, எண்ணிக்கைக்குக் கூலி. வெடித்தால் இரண்டு பேருக்கும் ஒரே தீதான். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 பேர். இறந்தவர்களில் பலர் பெண்கள். கூலியில்தான் வித்தியாசம், ஆபத்தில் இல்லை.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்குத் திரும்புவோம். கணக்குக்காக நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் ஒரு மணி நேரம்தான், ஆனால் பஸ்ஸை விட்டால் முழு நாளும் போச்சு. 20 பேரும் உண்மையிலேயே வந்தால் மாதம் 8,000 ரூபாய். வருடத்துக்கு 96,000. 40 குழு என்றால் 38,40,000 ரூபாய். இவ்வளவு பணத்தை அந்தப் பெண்கள் எங்கள் திட்டத்துக்கு நன்கொடையாகத் தர வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கிறோம்! அவர்கள் வராமல் இருந்தது அக்கறை இல்லாததால் அல்ல, கணக்குத் தெரிந்ததால்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம், அப்புறம்?

கடைசியில் சண்டை போட்டுக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கும், சில ஊர்களில் ராத்திரி ஏழு மணிக்கும் மாற்றினோம். வருகை ஏறியது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

ராத்திரி எட்டரைக்குக் கூட்டம் முடிந்தால் களப்பணியாளர் எப்படி வீட்டுக்குப் போவார்? கடைசி டவுன் பஸ் போயிருக்கும். திட்டத்தின் வண்டி அலுவலக நேரத்துக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மாற்று விடுமுறை கேட்டால் 'விதியில் இல்லை'. என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் வீட்டில் சண்டை தாங்காமல் விலகினார்கள். அவர்கள் இடத்துக்கு பைக் வைத்திருந்த இரண்டு ஆண்கள் வந்தார்கள். பெண்கள் முன்னேற்றத் திட்டம், களத்தில் பெண்களே குறைந்துபோனார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு பெண்ணின் சுமையைக் குறைத்தோம். அந்தச் சுமை ஒரு படி தள்ளி இன்னொரு பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்தது. எனக்குப் புரிந்த ஒரே மேலாண்மைப் பாடம் இதுதான்: சமத்துவத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை பட்ஜெட்டில் எழுதாவிட்டால், வரிசையில் கடைசியாக நிற்கிற பெண் தன் கைக்காசைப் போட்டு அதைக் கட்டுவாள்.

சட்டமும் சில சமயம் இதைக் கடினமாக்குகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் தடை. பெரிய நிறுவனங்கள் வழியாக நிதி பெற்றுவந்த சின்ன உள்ளூர் அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. ஊர்ப் பெண்களே நடத்திய அமைப்புகளும் இதில் அடக்கம். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்காமலே தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

அப்போ என்ன கேட்க வேண்டும்?

நல்ல நிறுவனம் எது என்று கண்டுபிடிக்க அதன் கொள்கை ஆவணத்தைப் படிக்கத் தேவையில்லை. நான் இப்போது நாலு கேள்வி கேட்கிறேன்.

1. கூட்ட நேரத்தை முடிவு செய்தது யார்? ஜீப்பா, குழுவா?

2. வருகிற பெண்ணின் கூலி இழப்பு, களப்பணியாளரின் ராத்திரிப் பயணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், இந்த மூன்றுக்கும் பட்ஜெட்டில் வரி இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு?

3. அலுவலகத்துக்குள் என்ன நிலை? 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர் களப்பணியாளருக்குத் தெரியுமா? நிரந்தர வேலையில் எத்தனை பெண்கள், ஒப்பந்தத்தில் எத்தனை பெண்கள்?

4. வராதவர்களைப் பற்றி யாராவது எழுதி வைக்கிறார்களா?

கடைசிக் கேள்வி நோட்டிலிருந்து வந்தது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, 'வராத காரணம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். மூன்று மாதத்தில் அந்தக் கட்டம் நிரம்பியது. ஆபீஸ். ஆபீஸ். மாமியாருக்கு முடியவில்லை. ஆபீஸ். தண்ணீர் விடுகிற நாள். ஆபீஸ். வீட்டுக்காரர் போக வேண்டாம் என்றார். ஆபீஸ்.

நேரத்தை மாற்றச் சண்டை போட்டபோது மேஜையில் நான் போட்டது இந்தப் பக்கங்களைத்தான். அறிக்கைப் படிவத்தில் மட்டும் இதற்கு இடமே இல்லை. நகல் எடுத்துப் பின்னால் இணைத்து அனுப்பினேன். மேலே யாராவது படித்தார்களா, தெரியாது. நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.