பாம்புச் சட்டையைச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்

முட்டையை விட்டு வெளிவந்து சில நாளே ஆன சோளப்பாம்புக் குட்டி அது. பென்சில் கனம்கூட இல்லை. கையில் எடுத்ததும் தலை அண்ணாந்து மேலே திரும்புகிறது, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, உடல் புரண்டு வயிறு மேலே வந்துவிடுகிறது. மறுபடி நேராக அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. வளர்ப்பவர்கள் இந்தக் குறைக்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்டார்கேஸர்', அதாவது நட்சத்திரம் பார்ப்பது. இது பிறவிக் குறை. குணப்படுத்த மருந்து கிடையாது.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் எலி பிடித்துத் தின்று வாழும் விஷமற்ற பாம்பு சோளப்பாம்பு. 1953-ல் வட கரோலினாவில் கருநிறமி இல்லாத ஆண் ஒன்று அகப்பட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதன் வழியில் இனம் பெருக்க, 1961-ல் கருமையே இல்லாத குட்டிகள் பொரிந்தன. நிற வியாபாரம் அங்கே தொடங்கியது. கருப்பும் சிவப்பும் இல்லாத 'ஸ்னோ' வகை, அந்த இரண்டு குணங்களையும் மறைவாகச் சுமக்கும் ஜோடிக்குப் பதினாறில் ஒன்றாகத்தான் பிறக்கும். அந்த ஒன்றுக்காகத் தாயையும் மகனையும், அண்ணனையும் தங்கையையும் இணைசேர்க்கிறார்கள். அப்போது நிறத்தோடு குறையும் வெளியே வந்துவிடுகிறது. 'சன்கிஸ்டு' என்ற நிற வழியில் ஸ்டார்கேஸர் தலைகாட்டியது அப்படித்தான்.

பார்வைக்கு நலமாக இருக்கும் இரண்டு பாம்புகள் குறையைச் சுமந்திருந்தால், அவற்றின் குட்டிகளில் நாலில் ஒன்று இப்படிப் பிறக்கலாம். நலமாகத் தெரியும் உடன்பிறப்புகளில் மூன்றில் இரண்டு அதே குறையைச் சுமக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாம்பு உரித்துப் போட்ட சட்டையில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினால் மரபணுச் சோதனை சொல்லிவிடும். பாம்புக்கு ஊசி இல்லை, வலி இல்லை. அதனால் பெற்றோர் இரண்டின் சோதனை முடிவையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11பி பிரிவு, வலியும் துன்பமும் பரம்பரையாக வரும் என்று தெரிந்தும் இனம் பெருக்குவதைத் தடுக்கிறது. பிரிட்டனில் கடைக்காரரிடம் வாங்கிய வளர்ப்புப் பிராணிக்கும் 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். விற்கும்போதே குறை இருந்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனிநபர் விற்றாலும், விளம்பரத்தில் சொன்னபடிதான் பாம்பு இருக்க வேண்டும். ஆகவே விளம்பரத்தையும் பேசிய செய்திகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கைகொடுப்பது அவைதான்.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் சோளப்பாம்புகள் பிடிபட்டிருக்கின்றன. இறக்குமதி அனுமதி இல்லாமல் நிறத்தைக் காட்டி யாராவது விற்க வந்தால், பாம்போடு வழக்கும் வீட்டுக்கு வரும்.

குறையுள்ள பாம்பு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதை இணைசேர்க்காதீர்கள், வேறொருவர் தலையில் கட்டாதீர்கள், வெளியில் விட்டுவிடவும் கூடாது. ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கூண்டிலிருக்கும் கிளைகளை எடுத்துவிட்டு, உயரம் குறைந்த பெட்டிக்கு மாற்றுங்கள். ஏறினால் விழும்.