கிணற்று நீர்மட்டக் கருவிக்கு ஏற்ற ஏரியல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளில் ஊறும் நன்னீர், சுண்ணக்கற் பாறையினுள்ளே உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதாகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் நன்னீர் மட்டம் தாழும். அஃது ஓரடி தாழ்ந்தவாறே நீடிக்குமாயின், கீழுள்ள உவர்நீரின் எல்லை ஏறக்குறைய 40 அடி உயர இடமுண்டு. உவர் ஏறிய நீரை வெங்காயம் தாங்காது. இதனை அறியாத கமக்காரர் இலர். எனினும், இயந்திரம் கிணற்றடியில் ஓடிக்கொண்டிருக்க, தோட்டத்தின் மறுகோடியில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுபவர் கிணற்றை எட்டிப் பார்ப்பது எங்ஙனம்?

இதற்கு உதவுவது மிதவையோடு கூடிய சிறு வானலைக் கருவியாகும். குறித்த மட்டத்துக்கு நீர் இறங்கியதும், கமக்காரர் அருகிலுள்ள வாங்கும் கருவியில் மணி ஒலிக்கும். மின்மோட்டரின் ஆளி கிணற்றடியிலேயே இருப்பின் மிதவையைக் கம்பியால் அதனோடு இணைத்தலே சிறந்தது. அங்கு வானலை வேண்டுவதில்லை.

இத்தகைய கருவிகள் பல 10 மில்லிவாற்று வலுவில் இயங்குவன. சிறு கைவிளக்குக் குமிழ் உண்ணும் வலுவில் இஃது ஐம்பதில் ஒரு பங்குமன்று. ஆதலால் மணி ஒலிக்காதபோது, “கருவிக்கு வலு போதாது” என்று கூறி, பெரிய கருவி தேடுவோர் உளர். பெரும்பாலும் குறை ஏரியலிலேயே உள்ளது. நான் பார்த்த ஒரு தோட்டத்தில், ஏரியற் கம்பி நீண்டிருப்பது அழகன்று என்று அதனைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியையும் கிணற்றினுள்ளே தொங்கவிட்டிருந்தனர். அலை எவ்வழியால் வெளியேறும்?

ஏரியலின் நீளம் மனம்போனபடி வைப்பதன்று. கருவியிற் பொறித்துள்ள மீடிறனைப் பார்க்க. 433.92 மெகாஹேர்ட்ஸ் எனின் அலைநீளம் 69 சென்ரிமீற்றர் வரை ஆகும். அதன் காற்பங்கு நீளமுள்ள நிமிர்ந்த கம்பியே எளிதிற் செய்யத்தக்க ஏரியல். ஆயினும் கம்பியில் அலை சிறிது குறுகுவதால் நூற்றுக்கு ஐந்து குறைத்தல் வேண்டும். 7125 ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணாற் பிரித்தால் வேண்டிய நீளம் சென்ரிமீற்றரிற் கிடைக்கும், இங்கு 16.4 ஆகும். மீடிறன் இருமடங்காயின் கம்பி பாதியாகும்.

உறை நீக்கிய, 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்புக் கம்பியை இந்நீளத்துக்கு வெட்டி, இணைப்பியின் நடு ஊசியிற் பற்றாசு வைத்து நிறுத்துக. இணைப்பியின் உலோக அடித்தட்டில் 17.3 சென்ரிமீற்றர் நீளமான நான்கு கம்பிகளை நாற்றிசையிலும் பொருத்தி, 45 பாகை கீழ்நோக்கிச் சரித்துவிடுக. இந்நான்கும் நிலத்துக்குப் பதிலாக நிற்பவை. இவையில்லாத ஏரியல் அரைகுறையானதே. சரித்து விடுவதனால் 50 ஓம் கேபிளுக்கு ஏரியல் இசைவாகின்றது. நடுக்கம்பியும் கீழ்க்கம்பிகளும் ஒன்றையொன்று தொடலாகாது. கடற்காற்றிற் செம்பு களிம்பேறுமாதலின், பற்றாசு வைத்த இடங்களுக்கு வார்னிஷ் பூசுக.

அடுத்து, உயரம். இதுவே யாவற்றிலும் மேலானது. வெளியான சமநிலத்தில் ஒரு முனையின் ஏரியலை ஒரு மீற்றரிலிருந்து இரண்டு மீற்றருக்கு உயர்த்தினால், மறுமுனையிற் சேரும் வலு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு கமுகஞ் சிலாகையின் செலவிற் கிடைக்கும் இப்பயனை வேறெவ்வகையிற் பெறலாம்? ஆனால் பெட்டியைக் கீழே வைத்து, ஏரியலை மட்டும் மெல்லிய கேபிளால் மேலே கொண்டு செல்லற்க. 10 மீற்றர் மெல்லிய கேபிளில் வலுவிற் பாதியளவு வீணாகும். பெட்டியையே கம்பத்தின் உச்சியிற் கட்டி, மிதவையின் கம்பியைக் கீழே இறக்குக.

இரு ஏரியல்களும் நிமிர்ந்து நிற்றல் வேண்டும். ஒன்று நிற்க, மற்றது கிடக்குமாயின் வலுவின் பெரும்பங்கு இழக்கப்படும். தகரக் கூரைக்கும் இரும்புக் குழாய்க்கும் ஒரு முழத்துக்குக் கிட்டக் கொண்டுசெல்லற்க. வாங்கும் கருவியை இடுப்பிற் செருகுவதினும் வரம்பில் நட்ட தடியில் தூக்குவது நன்று. மனித உடலும் அலையை உறிஞ்சும்.

மின்கம்பிகளுக்கு அருகிற் கம்பம் நாட்டுதல் உயிராபத்தாகும். இடிமின்னலின்போது கம்பத்தை அணுகற்க. வலுவைக் கூட்டும் பெட்டிகளை வாங்கிப் பூட்டவும் வேண்டாம். வானலை பரப்பும் கருவிகள் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு அமைந்தவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற கருவிதானா என்று விற்பவரிடம் கேட்டே வாங்குக.

கருவியைத் தெரிவு செய்யும்போது இன்னொன்று கவனிக்கத்தக்கது. நீர் இறங்கியபோது மாத்திரம் செய்தி அனுப்புவன சில. அச்செய்தி வழியில் தவறினால் மணி ஒலிக்காது. கமக்காரர் நீர் உண்டென்று எண்ணியிருப்பார். “நீர் உண்டு” என்று நிமிடந்தோறும் செய்தி அனுப்பி, அது நின்றவுடன் மணியடிப்பன வேறு சில. இரண்டாம் வகையையே நான் விரும்புவேன். ஏரியல் சரியில்லையெனின் இது வீணே மணியடித்துத் தொல்லை தரும். அத்தொல்லை பொறாது மணியை நிறுத்திவிடுவதே வழக்கமாகையால் ஏரியலை முதலில் திருத்துக.

கம்பம் நாட்டியபின் ஒருவர் கிணற்றடியில் நின்று மிதவையைத் தாழ்த்த, மற்றவர் வாங்கும் கருவியுடன் தோட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் நடந்து பார்த்தல் வேண்டும். கிளுவையும் பூவரசும் தழைத்து, இலைகள் நனைந்திருக்கும் மாரிக்காலத்தில் இச்சோதனையை மீண்டும் ஒருமுறை செய்க.