வெள்ளியை நிறுத்து ஆம்பியரை அளந்தார்கள்

நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளி. 1893இல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு ஓர் ஆம்பியருக்கு வகுத்த நடைமுறை இலக்கணம் இதுதான். சில்வர் நைட்ரேட் கரைசலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்மின்வாயில் நொடிக்கு இவ்வளவு வெள்ளி படிந்தால் அது ஓர் ஆம்பியர்.

மின்சாரத்தை ஏன் தராசில் அளக்க வேண்டும்? அன்றைய அம்மீட்டர்களின் காந்தம் நாளடைவில் வலு இழக்கும், சுருள்வில் தளரும். தராசை நம்பலாம். அதற்கு மேலாக ஃபாரடேயின் விதி துணை நின்றது. மின்வாயின் வடிவத்தை மாற்றினாலும், கரைசலை அடர்த்தியாக்கினாலும், படியும் பொருளின் எடை உள்ளே சென்ற மொத்த மின்னூட்டத்தை மட்டுமே பொறுத்தது என்று 1830களில் அவர் நிறுவியிருந்தார். எடிசன் இதை வணிகத்துக்கே கொண்டுவந்தார். 1880களில் நியூயார்க்கில் அவருடைய வாடிக்கையாளர்களின் மீட்டருக்குள் இருந்தவை துத்தநாகத் தகடுகள். அவற்றைக் கழற்றி நிறுத்துப் பார்த்துத்தான் பில் போட்டார்கள்.

வெள்ளியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஒரு வெள்ளி அயனி ஒரே ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகிறது. அணுவும் கனமானது, ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 4 கிராம் சேரும். செம்பிலோ படிந்ததில் ஒரு பகுதி அமிலக் கரைசலில் மீண்டும் கரைந்துவிடும்.

ஆனாலும் வேலை எளிதல்ல. எதிர்மின்வாய் ஒரு பிளாட்டினக் கிண்ணம். மேலே தொங்கும் வெள்ளி நேர்மின்வாயிலிருந்து துகள் உதிர்ந்து கிண்ணத்தில் விழுந்தால் எடை பொய்யாகிவிடும் என்று அதை வடிதாளில் சுற்றினார்கள். பிறகு அந்தத் தாளே கரைசலைக் கெடுத்து எடையைக் கூட்டுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தப் பிடிவாதமான நுணுக்கம்தான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது.

கிண்ணம் அகலமாக இருந்ததும் கணக்கோடுதான். மின்வேதியியலில் எத்தனை ஆம்பியர் என்பதோடு, எவ்வளவு பரப்பில் என்பதையும் கேட்க வேண்டும். அதுவே மின்னோட்ட அடர்த்தி. முலாம் பூசும் பட்டறைகள் சதுர டெசிமீட்டருக்கு இத்தனை ஆம்பியர் என்று கணக்கிடுகின்றன. ஆய்வகங்கள் சதுர சென்டிமீட்டருக்கு மில்லிஆம்பியரில் எழுதுகின்றன. அடர்த்தி எல்லை மீறினால் பரப்பை ஒட்டிய அயனிகள் தீர்ந்துபோகும். புதியவை வந்து சேர்வதற்குள் நீர் சிதைந்து ஹைட்ரஜன் கிளம்பும். பளபளப்பான பூச்சுக்குப் பதில் கருகிய பொடி மிஞ்சும். விளிம்புகளில் மின்னோட்டம் குவிவதால் முதலில் கருகுவதும் அங்கேதான்.

1948இல் வெள்ளி ஓய்வு பெற்றது. இணையான இரு கம்பிகளுக்கு இடையிலான விசை ஆம்பியரின் இலக்கணமானது. பழைய ஆம்பியர் புதியதைவிடப் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் குறைவாக இருந்தது! 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டமே நிலையான எண்ணாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அவகாட்ரோ எண்ணும் அன்றே நிலைபெற்றதால், ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டமான ஃபாரடே மாறிலி, சுமார் 96,485 கூலும் (ஆம்பியர்-நொடி), இனி அளந்தறிய வேண்டியதல்ல. இரு எண்களின் பெருக்கல்.

அதே எண்ணால் உங்கள் கைப்பேசியையும் எடைபோடலாம். 5000 மில்லிஆம்பியர்-மணி என்றால் 18,000 கூலும். ஃபாரடே மாறிலியால் வகுத்து லித்தியத்தின் அணு நிறையால் பெருக்கினால் 1.3 கிராம் வரும். முழு சார்ஜுக்கு பேட்டரிக்குள் இடம்பெயரும் லித்தியம் அவ்வளவே. கடும் குளிரில் வேகமாக சார்ஜ் செய்தால், கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாத லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். குளிரில் கைப்பேசி தானாகவே மின்னோட்டத்தைக் குறைப்பது இதைத் தவிர்க்கத்தான்.