டிராக்டர் கியர் ஆயில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

என்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றும் உழவர்களில் பலர் கியர் பெட்டியை மறந்துவிடுகின்றனர். பல டிராக்டர்களுக்கு 1000 மணி ஓட்டத்தையொட்டி இதற்குக் கெடு உண்டு. சரியான கணக்கை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்வது நலம். சேற்றுழவுக்குப் பிறகு ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது கெடுவுக்குக் காத்திருக்கக் கூடாது.

இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையைக் கீழே இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சற்று ஓட்டி நிறுத்திய வண்டியில் ஆயில் இளகி, கசடோடு வடியும்.

முதலில் கழற்ற வேண்டியது ஊற்றும் வாயின் மூடி. பலரும் அடி நட்டை முதலில் திறந்துவிடுகிறார்கள். பழைய ஆயில் முழுவதும் வடிந்த பிறகு மேல் மூடி துருவேறி அசையாவிட்டால், வெறும் பெட்டியோடு வண்டி முடங்கிவிடும். பட்டறைக்கும் ஓட்டிச் செல்ல இயலாது. அப்படி நேர்ந்தால் மூடியைச் சுற்றி டீசல் விட்டு ஓரிரவு ஊறவிடலாம். அளவுக் குச்சியின் துளை தனியே இருந்தால், குழாய் செருகிய புனலால் அதன் வழியே மெல்ல ஊற்றவும் முடியும்.

அடி நட்டு சில வண்டிகளில் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்றை விட்டுவிட்டால் பழைய கசடு புது ஆயிலில் கலந்துவிடும். நட்டின் காந்தத்தில் மைபோல் ஒட்டிய இரும்புத் தூள் இயல்பானதே. பல்லின் துண்டு கிடைத்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

எல்லா வண்டிக்கும் 90 நம்பர் ஆயில் பொருந்தாது. ஹைட்ராலிக்குக்கும் கியருக்கும் ஒரே ஆயில் ஓடும் வண்டிகளும், ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளும் உண்டு. இவற்றுக்குக் கையேட்டில் குறித்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஜி.எல். 4 என்று குறித்திருக்கும் பெட்டியில், உயர்ந்த ரகம் என்று எண்ணி ஜி.எல். 5 ஊற்றுவதும் தவறு. அதில் சேர்க்கும் கந்தகப் பொருள் சில பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

தவறான ஆயிலை ஊற்றிவிட்டது தெரிந்தால் வண்டியைக் கிளப்பக் கூடாது. கிளப்பாதவரை நஷ்டம் ஆயில் விலையோடு போகும். வடித்துவிட்டு, சரியான ஆயிலில் கொஞ்சம் ஊற்றி வடியவிட்டு, பிறகு நிரப்பினால் போதும். பெட்டியை மண்ணெண்ணெயால் கழுவுவது வேண்டாம். அடியில் தங்குவது புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

அளவுக்கு மேல் ஊற்றுவதாலும் கேடு உண்டு. மிகுந்த ஆயில் சூடேறி நுரைத்து, சீலைத் தாண்டிக் கசியும். பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. சற்று ஓட்டி, லிப்டை ஏற்றி இறக்கி, நிறுத்திய பின் அளவு பார்த்து, மிகுந்ததை வடித்துவிட வேண்டும்.

நட்டு கசிந்தால் மேலும் மேலும் முறுக்காமல் புது வாஷர் போட்டுப் பார்க்கவும். பவர் டில்லர் போன்றவற்றில் அலுமினியப் பெட்டி இருந்தால், அதிக முறுக்கில் மரை போய்விடும். பிறகு பட்டறையில் மரை வெட்டி, உள்வளையம் வைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

வடித்த ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், டப்பாவில் அடைத்து பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.